ஆஃப்ரோ முடிக்கு நல்ல ஸ்டைலிஸ்ட்டைக் கண்டுபிடிப்பது: முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அவள் அப்பாவின் முடி. ஒவ்வொரு சுருளும் பென்சில் தடிமன்கூட இருக்காது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இருக்கும், அப்படி நெருக்கமாகச் சுருண்ட ஆஃப்ரோ முடி. ஆறு வயதில் அவளை முதல்முறை சலூனுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் காய்ந்த முடியில், நெருக்கமான பல் சீப்பை வேர்ப்பக்கம் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார். பட்பட்டென்று சத்தம் கேட்டது. சிக்கு விடுபடுகிறது என்று நினைத்து நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அது முடி அறுந்த சத்தம். எனக்குப் பழக்கம் என் தலைமுடி மட்டும்தான். அது நேராகத் தொங்கும் ரகம்.

அதற்கப்புறம் நான்கு இடங்கள் ஏறி இறங்கினோம். ஐந்தாவதாகத்தான் சரியான ஆள் கிடைத்தார். அந்த அலைச்சலில் புரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்டைல் செய்யத் தெரிவது ஒரு திறமை, முடியைப் பேணத் தெரிவது வேறொரு திறமை. பளிச்சென்று பின்னிவிடுகிறவருக்கு முடியைக் காப்பாற்றவும் தெரியும் என்று நினைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம். கீழே இருப்பதெல்லாம் அந்த இரண்டாவது திறமை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழிகள்.

படி 1: முதலில் உங்கள் முடியைப் பற்றிப் பேசத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆஃப்ரோ முடி வேறு ஏதோ பொருளால் ஆனதில்லை. எல்லோருடைய முடியிலும் இருக்கும் அதே கெரட்டின் என்ற புரதம்தான். வேர்க்கால் வளைந்திருப்பதால் முடி சுருண்டு வளர்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையான முட்டை வடிவில் இருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருள் முடியில் அது பாதி வழிகூட வராது. அதனால்தான் இந்த முடி பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும், இருப்பதிலேயே சுலபமாக உடைவதும் இதுதான். ‘கெட்டி முடி, தாங்கும்’ என்று சொல்கிற ஸ்டைலிஸ்ட்டிடம் அந்த நிமிடமே எழுந்துவிடலாம்.

சலூன்களில் 4ஏ, 4பி, 4சி என்று எண்கள் பேசுவார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரேயின் ஸ்டைலிஸ்ட்டாக இருந்த ஆன்ட்ரே வாக்கர் 1990களில் பரப்பிய வகைப்பாடு இது: 1 நேர்முடி, 2 அலைமுடி, 3 சுருட்டை, 4 நெருக்கமான சுருள். ஏ, பி, சி என்று போகப்போக சுருள் இன்னும் நெருக்கமாகும். 4சி அவர் வைத்தது கிடையாது. இந்த முடி உள்ளவர்களே பிற்பாடு சேர்த்தது. தேடும்போது எண் உதவும், ஆனால் அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஒரே தலையில் முன்பக்கம் 3சி, உச்சியில் 4சி என்று இருப்பது சர்வசாதாரணம்.

எண்ணைவிட முக்கியமாகத் தெரிய வேண்டியவை வேறு. ஒரு இழை மெல்லியதா, தடிப்பா? தலையில் அடர்த்தி எவ்வளவு? தண்ணீர் தெளித்தால் உடனே உறிஞ்சுகிறதா, முத்து முத்தாக மேலேயே நிற்கிறதா? இழுத்துப் பிடித்தால் தோள்வரை வருவது, விட்டால் எங்கே போய் நிற்கிறது? இந்தச் சுருக்கம் நிஜ நீளத்தில் பாதிக்கும் மேல்கூட இருக்கும். முடி வெட்டும்போது இதுதான் பெரிய வில்லன். கடைசியாக, கடந்த 2 ஆண்டுகளில் தலையில் பட்ட ரசாயனம் என்னென்ன? ரிலாக்ஸர் (சுருளை நிரந்தரமாக நேராக்கும் ரசாயனம்), டை, பிளீச், கெரட்டின் ட்ரீட்மென்ட் (முடியை வழவழப்பாக்கி நேராக்குவது), எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஆஃப்ரோ முடி சராசரியாக மாதம் 1 செ.மீ.க்கும் குறைவாகத்தான் வளர்கிறது. போன வருடம் போட்ட ரிலாக்ஸர் இன்னும் நுனியில் உட்கார்ந்திருக்கும்.

படி 2: எந்த வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள்?

பின்னல் போடுபவர், லாக்ஸ் (கயிறு கயிறாகத் திரண்ட முடி) ஆரம்பித்துப் பராமரிப்பவர், இயற்கைச் சுருளை வெட்டி வடிவம் கொடுப்பவர், சில்க் பிரெஸ் (சூடான கருவியால் தற்காலிகமாக நேராக்குவது) போன்ற வெப்ப வேலை செய்பவர், சாயமும் ரசாயனமும் கையாள்பவர், ஃபேட் (பக்கங்களில் படிப்படியாகக் குட்டையாக்கும் வெட்டு) வெட்டும் பார்பர். எல்லோரும் ஆஃப்ரோ முடியில் வேலை செய்பவர்கள்தான், ஆனால் வேலை வேறு. ஒருவரே எல்லாம் செய்வேன் என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எங்களுக்கு இப்போது இரண்டு பேர்: கழுவுவது, நுனி வெட்டுவது எல்லாம் ஒருவர், விடுமுறைக்குப் பின்னல் போட இன்னொருவர்.

உரிமம் இருந்தால் போதுமா என்றால், போதாது. பல நாடுகளில் அழகுக்கலைப் படிப்பு நேர்முடியை வைத்தே நடத்தப்பட்டு வந்தது; சுருள் முடியைத் தொடாமலே பாஸ் ஆக முடிந்தது. பிரிட்டனில் 2021இல்தான் சிகையலங்காரத் தொழில் தரநிலைகளைத் திருத்தி ஆஃப்ரோ முடியையும் சேர்த்தார்கள். அழகுக்கலைப் பள்ளிகளில் எல்லா வகை முடிக்கும் பயிற்சி கட்டாயம் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது 2023இல். அதற்கு முன்னால் படித்து வந்தவர்கள்தான் இன்றைக்கு பெரும்பாலான நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம், டெக்சாஸ் போன்ற அமெரிக்க மாநிலங்களில் பின்னல் மட்டும் போடுபவருக்கு உரிமமே தேவையில்லை. அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொண்டு அற்புதமாகப் பின்னுகிறவர்கள் அவர்களில் நிறைய. ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பாருங்கள், ஆனால் ரசாயன வேலைக்குத்தான் அதை முக்கியமாகக் கேளுங்கள். பின்னலுக்குக் கைதான் சான்றிதழ்.

படி 3: பெயர்களைச் சேகரியுங்கள்

இணையத்தில் தேடுவதற்கு முன்னால் மனிதர்களைக் கேளுங்கள். உங்களைப் போன்ற முடி, நன்றாகப் பேணப்பட்டு, எங்கேயாவது கண்ணில் பட்டால், ‘உங்கள் முடி ரொம்ப நன்றாக இருக்கிறது, யாரிடம் போகிறீர்கள்?’ என்று கேட்டுவிடுங்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கேட்டவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண்மணி பேருந்து நிறுத்தத்திலேயே இரண்டு பெயர்களோடு, போகக்கூடாத மூன்று பெயர்களையும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: கேட்கலாம், கையை நீட்டித் தொடக்கூடாது. முன்பின் தெரியாதவர்கள் தலையில் கைவைப்பது இந்த முடி உள்ளவர்கள் தினமும் அனுபவிக்கும் தொல்லை.

அப்புறம் ஆப்பிரிக்க, கரீபிய முடிப்பொருட்கள் விற்கும் கடைகள். அங்கே கல்லாவில் இருப்பவருக்கு ஊரில் யார் எப்படி என்பது அத்துப்படி. இன்ஸ்டாகிராமில் ஊர்ப் பெயரோடு முடிவகையின் எண்ணையும் சேர்த்துத் தேடலாம். மூன்று நான்கு பெயர் தேறினால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: படத்தில் ஸ்டைலைப் பார்க்காதீர்கள், நெற்றியோரத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்டைலிஸ்ட் போடும் படங்கள் நாற்காலியைவிட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் எடுத்தவை. அந்த நேரத்தில் எல்லாப் பின்னலும் அழகுதான். படத்தைப் பெரிதாக்கி, நெற்றிக்கு மேலும் காதுக்கு முன்னாலும் உள்ள ஓரத்தை மட்டும் பாருங்கள். அங்கிருக்கும் மென்மையான குட்டி முடிகளையும் பிடித்துப் பின்னலுக்குள் திணித்திருக்கிறாரா, தளர விட்டிருக்கிறாரா? பின்னல் தொடங்கும் இடத்தில் தோல் கூடாரம் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? வெள்ளையாகவோ சிவப்பாகவோ பொடிப்பொடிக் கொப்புளங்கள் தெரிகின்றனவா? புருவம் மேலே இழுபட்டு, முகமே ஆச்சரியப்பட்டதுபோல் இருக்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள். தொடர்ந்து இப்படி இழுபட்டால் வரும் முடி உதிர்வை மருத்துவர்கள் ட்ராக்‌ஷன் அலோபீசியா என்பார்கள். ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்கால் தழும்பாகிவிடும். அதற்கப்புறம் எந்த எண்ணெயும் உதவாது.

அடுத்து, ஒரே வாடிக்கையாளர் மறுபடி மறுபடி வருகிறாரா என்று தேடுங்கள். ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒரே ஆளின் ஓரமுடி அப்படியே இருந்தால், அல்லது அடர்த்தி கூடியிருந்தால், அது ஆயிரம் லைக்கைவிடப் பெரிது.

பின்னல் இல்லாத முடியின் படங்கள் இருக்கின்றனவா? கழுவியபின், வெட்டியபின், விரித்துவிட்ட ஆஃப்ரோ? எல்லாமே வெளிமுடி சேர்த்த பின்னலும் விக்கும் வீவுமாக (தைத்துச் சேர்க்கும் வெளிமுடி) இருந்தால், அவர் முடியை மறைப்பதில் கெட்டிக்காரராக இருக்கலாம். பேணுவது எப்படியென்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. தளர்ந்த சுருட்டை மட்டுமே நிறைந்த பக்கத்தை வைத்து 4சி முடிக்கு ஆள் முடிவு செய்யவும் வேண்டாம்.

படி 5: போனில் கேளுங்கள்

‘ஆஃப்ரோ முடி செய்வீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேளுங்கள்.

சிக்கை எப்படி எடுப்பீர்கள்? ‘ஈரத்தில், கண்டிஷனர் போட்டு, பகுதி பகுதியாகப் பிரித்து, நுனியிலிருந்து’ என்று யோசிக்காமல் பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ‘அதற்கு ஸ்பெஷல் ஸ்ப்ரே இருக்கிறது’ என்றால் இன்னும் தாண்டவில்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? அடர்த்தியான, நீண்ட முடியைச் சிக்கெடுத்துக் கழுவி, கண்டிஷன் செய்து, உலர்த்த 2 மணி நேரம் பெரிய விஷயமில்லை. ‘45 நிமிடத்தில் முடித்துவிடுவேன்’ என்பவரிடம் பயம்தான் வர வேண்டும்.

முடியைப் பார்க்காமலே ரிலாக்ஸரோ கெரட்டினோ சிபாரிசு செய்கிறாரா? ‘கொஞ்சம் சாஃப்ட் ஆக்கிவிட்டால் வேலை சுலபம்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். யாருக்குச் சுலபம்?

கட்டணத்தை முழுதாகக் கேட்டுவிடுங்கள். கழுவுவது, பழைய பின்னலைப் பிரிப்பது, வெளிமுடி எல்லாம் அதில் அடக்கமா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா, தாமதமானால் என்ன? ‘முடி அதிகம்’ என்று நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தொகை ஏறும் இடங்கள் உண்டு. நேரத்துக்கேற்பக் கட்டணம் என்று முன்கூட்டியே சொல்வது நியாயம். பாதியில் சொல்வது அப்படியில்லை.

‘கழுவி, பிளோ டிரை செய்து, நீட்டிக்கொண்டு வாருங்கள்’ என்று பின்னல் போடுபவர்கள் சொல்வது வழக்கம்தான். அதில் தவறில்லை. ஆனால் அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பின்னல் மட்டும், பராமரிப்பு கிடையாது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

படி 6: முதல்முறை சின்ன வேலை கொடுங்கள்

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னால் புது ஆளிடம் போகாதீர்கள். முதலில் கழுவி, கண்டிஷன் செய்து, நுனி வெட்டும் வேலை மட்டும் கொடுங்கள். ஒருவரின் கையைப் படிக்க அது போதும்.

எங்கள் ஐந்தாவது ஸ்டைலிஸ்ட் முதல் கால்மணி நேரம் சீப்பையே தொடவில்லை. மகளிடம், ‘உன் தலையைத் தொடலாமா?’ என்று கேட்டார். விரல் நுனியால் தலைத்தோலைப் பகுதி பகுதியாகப் பார்த்தார். ஒரு சுருளை இழுத்துவிட்டுத் திரும்பச் சுருள்கிறதா என்று கவனித்தார். இடது காதுக்கு மேலே குட்டையாக உடைந்திருந்த இடத்தைக் காட்டி, இந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறாளா என்று என்னைக் கேட்டார். ஆமாம், அந்தப் பக்கம்தான். பருத்தித் தலையணை உறை ஈரத்தையும் இழுக்கும், முடியையும் உரசும். சாட்டின் உறை மாற்றுங்கள் என்றார்.

அப்புறம் தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, தலையை ஆறாகப் பிரித்து கிளிப் போட்டார். ஒரு பகுதியைக் கையில் எடுத்து, சிக்குக்கு மேலே இடது கையால் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிதான் விஷயம். கீழே சீப்பு இழுப்பது அந்தக் கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. அகலப் பல் சீப்பு கடைசி 2 செ.மீ.யில் தொடங்கி, அது விட்டதும் இன்னும் 2 செ.மீ. மேலே ஏறி, வேருக்குக் கடைசியில்தான் வந்தது. முடிந்த பகுதியை இரண்டாகத் திரித்து ஓரமாக விட்டார், மறுபடி சிக்காமல் இருக்க. மகள் போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்பட் சத்தம் இல்லை.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ஸ்டைலிஸ்ட்டைக் கவனியுங்கள். இன்னும் சில: துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றியெடுக்கிறாரா? நுனி வெட்டும்போது சுருக்கத்தைக் கணக்கில் எடுக்கிறாரா? சுருளாக வைத்துக்கொள்பவருக்குக் காய்ந்த நிலையில் வடிவம் பார்த்து வெட்டுவது பொதுவாகப் பத்திரம். ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினால், காய்ந்ததும் முடி எங்கே போய் நிற்கும் என்பது அவருக்கே தெரியாது.

பின்னல் என்றால் இழுப்பைக் கவனியுங்கள். வலித்தால் அப்போதே சொல்லுங்கள், முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை. நல்ல ஸ்டைலிஸ்ட் அவிழ்த்துத் தளர்த்திப் போடுவார். ‘முதல் இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்’ என்று சொல்பவர் உங்கள் தலைக்குத் தெரிந்தே காயம் செய்கிறார். மிக மெல்லிய பின்னலில் நீளமான, கனமான வெளிமுடி சேர்ப்பதும் அதே ஆபத்துதான்.

படி 7: சூடும் ரசாயனமும் கேட்பவர்களுக்கு

வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அது அவரவர் தலை. ஆனால் இங்கே ஆள் தேர்வு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

சில்க் பிரெஸ்ஸுக்கு முன் முடி முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும்போது சூட்டை வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து, முடித்தண்டுக்குள் குமிழி உண்டாகி, அந்த இடத்தில் ஒடியும். கருவியில் வெப்பநிலை காட்டும் திரை இருக்கிறதா, வெப்பக் காப்பு தடவுகிறாரா, ஒரே இடத்தில் ஏழெட்டு முறை இழுக்கிறாரா என்று பாருங்கள். கழுவியபின் சுருள் திரும்ப வராத இடங்கள் இருந்தால் அது நிரந்தரச் சேதம். வெட்டித்தான் தீர வேண்டும்.

ரிலாக்ஸரில் பெரும்பாலும் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது குவானிடின் ஹைட்ராக்சைடு. இதைப் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் போட வேண்டும்; ஏற்கெனவே நேராக்கிய முடிமேல் மறுபடி படக்கூடாது. தயோகிளைகோலேட் என்ற வேறு ரசாயனத்தால் பெர்ம் (முடியின் வடிவத்தை மாற்றுவது) செய்த முடியில் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் பட்டால் முடி கையோடு வந்துவிடும். இந்த வேறுபாட்டைக் கேட்டதும் விளக்கத் தெரியாதவர் உங்கள் தலையில் எதையும் கலக்கக்கூடாது. ஓர் இழையில் சோதித்துப் பார்க்காமல் தொடங்கவும் கூடாது.

ஒரு தகவலையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்து, 2022இல் வெளியிட்ட முடிவு இது: முடி நேராக்கும் ரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64%, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05%. காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. சில கெரட்டின் ட்ரீட்மென்ட்களில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு வெளியாகும் என்பதும் சேர்த்தி. பாட்டிலைக் கேளுங்கள், லேபிளைப் படியுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகுதான் மதிப்பெண்

முதல் 48 மணி நேரம் ஓரத்தைப் பாருங்கள். கொப்புளம், தொட்டால் வலி, தூங்க முடியாத தலைவலி இருந்தால் பின்னலைப் பிரித்துவிடுங்கள். கொடுத்த காசை நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். தலை முழுக்க அரித்தால் வெளிமுடியின் மேல்பூச்சு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

6 முதல் 8 வாரத்துக்குள் பின்னலைப் பிரிக்கச் சொல்கிறாரா என்பதும் ஒரு சோதனை. மூன்று மாதம் தாங்கும் என்று விளம்பரம் செய்வது பின்னலுக்கு நல்ல விளம்பரம், முடிக்கு இல்லை. பிரிக்கும்போது கைநிறைய முடி வந்தால் பதற வேண்டாம். யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். பின்னலுக்குள் அது வெளியே விழ வழியில்லாமல் தேங்கி நிற்கும். 6 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 2,100 முதல் 4,200 முடி. பந்தாகத்தான் தெரியும். ஒரு முடியை எடுத்துப் பாருங்கள்: ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் தானாக உதிர்ந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகளே நிறைய இருந்தால் உடைந்தது.

உச்சந்தலையில் வழுக்கை வட்டமாகப் பரவுவது, அங்கே எரிச்சலோ வலியோ இருப்பது ஸ்டைலிஸ்ட் தீர்க்கும் விஷயம் இல்லை. தோல் மருத்துவரிடம் தாமதிக்காமல் போங்கள். நல்ல ஸ்டைலிஸ்ட் இதை உங்களுக்கு முன்பே கவனித்து, எந்த ட்ரீட்மென்ட்டும் விற்காமல், மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைப்பார்.

குழந்தையை அழைத்துப் போகிறீர்கள் என்றால்

கையைப் போலவே வாயையும் கவனியுங்கள். ‘அய்யோ, எவ்வளவு முடி!’, ‘இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்று உங்களைப் பார்த்துச் சொல்வது எல்லாம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதில்தான் விழுகிறது. இரண்டாவது சலூனில் இப்படி ஒரு பேச்சு நடந்த அன்று இரவு, தன் முடியைத் தொங்கும் முடியாக மாற்றித்தர முடியுமா என்று மகள் கேட்டாள். நான் சமாளித்துப் பதில் சொன்னேன், ஆனால் அந்த இடத்துக்குத் திரும்பப் போகவில்லை. அங்கே வேலை மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் எழுந்து நடக்க விடுவாரா, ஒரே நாளில் முடியாவிட்டால் இரண்டு நாளாகப் பிரிப்பாரா என்று முன்பே பேசிவிடுங்கள்.

ஊரிலேயே யாரும் கிடைக்காவிட்டால்

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஸ்டைலிஸ்ட் ஒருவரைப் பிடியுங்கள். எல்லாம் தெரிந்ததாக நடிப்பவரைவிட இவர் எவ்வளவோ மேல். உங்கள் கண்டிஷனரையும் அகலப் பல் சீப்பையும் கொண்டுபோய், கழுவும் வேலையை மட்டும் கூட இருந்து செய்யச் சொல்லுங்கள். நுனி வெட்ட 3 மாதத்துக்கு ஒருமுறை தொலைவில் இருக்கும் நல்ல ஆளிடம் போய்வரலாம். பின்னலை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். என் முதல் கார்ன்ரோ (தலையோடு ஒட்டிப் பின்னும் பின்னல்) வரிசை வாய்க்கால் மாதிரி வளைந்து போனது, பத்தாவது நேராக வந்தது.

ஆள் கிடைத்ததும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, செய்த வேலை, தடவிய பொருள், எத்தனை நாள் தாங்கியது, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த நெற்றியோரப் படம் ஒன்று. எங்கள் நோட்டின் முதல் பக்கப் படத்தில் இடது காதுக்கு மேலே அந்தக் குட்டை இடம் தெரியும். ஒன்பதாவது பக்கத்தில் அது எங்கே இருந்தது என்று மகளே தேடிக்கொண்டிருந்தாள்.